"அதுக்கு என்ன விளங்கப்போகுது?"

திருகோணமலைப் பக்கம் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் சொந்தக்காரர் கூடித் தண்ணீர் வார்ப்பார்கள், சாமத்தியவீடு எடுப்பார்கள். மகளுக்கு டவுன் சிண்ட்ரோமோ ஓட்டிசமோ இருந்தால், பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். எப்படி நடந்தாலும், அந்த இரத்தம் ஏன் வந்தது, அடுத்த மாதமும் வருமா, துணியை எப்படி மாற்றுவது என்று அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறவர்கள் குறைவு. "அதுக்கு என்ன விளங்கப்போகுது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த மௌனம் பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை. துன்புறுத்துகிறவனுக்குத்தான் அது உதவுகிறது. அவன் பெரும்பாலும் வெளியாள் அல்ல. வீட்டுக்கு வந்துபோகிற உறவினனாகவோ பக்கத்து வீட்டுக்காரனாகவோ பள்ளிக்கு ஏற்றிப்போகிற ஓட்டோக்காரனாகவோ இருப்பான். மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களில் தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, பிள்ளையை அம்மம்மாவோ மாமியோ பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அங்கே பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல ஆளும் இல்லை, சொல்லச் சொற்களும் இல்லை.

அந்தச் சொற்களைக் கொடுக்கக் குளியலறையே நல்ல இடம். "இது மார்பு, இது பெண்ணுறுப்பு" என்று வெட்கப்படாமல் பெயர் சொல்லுங்கள். செல்லப்பெயர் வீட்டுக்குள் விளங்கும். ஏதும் நடந்தால் பிள்ளையைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கு விளங்காது. கழுவிவிடும் முன் "கழுவவா?" என்று கேட்டு, தலையசைக்கும்வரை பொறுங்கள். தலையை மறுபக்கம் திருப்பினால் கையை எடுங்கள். பிறந்த நாள் முதல் யார் யாரோ தூக்கி, உடுப்பு மாற்றி, சொன்னதற்கெல்லாம் பணிந்தே வளர்ந்த பிள்ளை அது. வீட்டில் அதன் "வேண்டாம்" ஒருமுறைகூட மதிக்கப்படாவிட்டால், வெளியில் யாரிடம் அது வேண்டாம் என்று சொல்லும்? பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களையும் கைச்சைகையையும் பழக்கலாம். ஒருநாளில் வராது, ஒரே பாடத்தை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆண்பிள்ளைகளை நாம் அநேகமாக மறந்துவிடுகிறோம். பதினைந்து வயதுப் பையன் முற்றத்தில் நின்று உறுப்பைத் தொட்டால் அடி விழுகிறது. அடி அவனுக்கு எதையும் கற்றுத்தராது. "இது உன் அறையில், கதவைச் சாத்திவிட்டு" என்ற எளிய விதியை அவனால் பிடித்துக்கொள்ள முடியும். அதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஒருநாள் அவனே பொலிஸில் குற்றம் சாட்டப்பட்டு நிற்கக்கூடும்.

வளர்ந்த பிறகு அவர்களுக்கும் காதல் வரும், துணை தேடும் ஆசை வரும். இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, திருமணம் செய்யவும் குடும்பம் அமைக்கவும் கருவளத்தைக் காத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. 25ஆம் உறுப்புரை பாலியல், இனப்பெருக்க சுகாதார சேவையை மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கேட்கிறது. ஆனால் இந்த உரிமைகள் மீறப்பட்டே வந்திருக்கின்றன. 1994இல் இந்தியாவில், மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்திலிருந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனேயில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பார்ப்பது சிரமம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எனக்கு அது பராமரிப்பாகத் தெரியவில்லை, வன்முறையாகவே தெரிகிறது. இதற்கு மாறாக, சண்டிகர் இல்லமொன்றில் வல்லுறவால் கருவுற்ற, அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்ணின் கருவை அவள் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவுப்படி, உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பெண்ணை வல்லுறவு செய்தால் 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் உண்டு. வல்லுறவுச் சட்டம் பெண்களை மட்டுமே குறிக்கிறது. ஆண்பிள்ளைக்கு நடந்தால் 365ஆ பிரிவின் கீழ், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமாக முறையிடலாம்.

ஏதும் நடந்துவிட்டால் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டு, நேரே அரசு வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்; அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருக்கிறது, கேளுங்கள். அழைக்க வேண்டிய எண்கள்: சிறுவர் விடயத்தில் 1929, பெண்கள் விடயத்தில் 1938, அவசரத்துக்குப் பொலிஸ் 119. பொலிஸில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் ஒப்பமிடுங்கள்.

"இந்தப் பிள்ளை சாட்சி சொல்லாது" என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் போய்விடாதீர்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, கேள்வியை விளங்கிப் பொருத்தமாகப் பதில் தர முடிந்த எவரையும் சாட்சியாக ஏற்கிறது. குறைபாடு இருப்பது மட்டும் தடையல்ல. அதற்குப் பிறகும் மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 எண்ணுக்கு அழையுங்கள்.