நிறத்துக்கு அம்மா காசு கொடுக்கலாமா?

போன வாரம் எங்க அக்கா போன் பண்ணினா. அவ பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறா. ஸ்கூல் ஆண்டு விழாவுக்குள்ள கொஞ்சம் கலராகணும்னு ஒரு க்ரீம் கேக்குறாளாம். "200 ரூபாதானேடி, வாங்கிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?"ன்னு கேட்டா. நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா என்கிட்டயும் ஒரு க்ரீம் கதை இருக்கு.

நான் ப்ளஸ் டூ படிச்சப்போ, அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அம்மா மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தாங்க. டாக்டர் சீட்டு கிடையாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க, அவ்வளவுதான். கொஞ்ச நாள்லயே முகம் பளிச்சுன்னு ஆச்சு. கல்யாண போட்டோவுல நல்லாத்தான் இருக்கேன். நிறுத்தினதும் முகம் சிவந்து எரிஞ்சது, பொடிப்பொடியா பரு வந்துச்சு. திரும்பப் போட்டா அடங்கும், விட்டா மறுபடி வரும். கடைசியில தோல் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பிப் படிச்சுட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா"ன்னார். முகம் தேற ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்றேன். நம்ம நிறத்துக்குக் காரணம் மெலனின். அதை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பா இருக்கறவங்களுக்கும் சிவப்பா இருக்கறவங்களுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். அந்த செல்கள் எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் உருவாக்குதுங்கிறதுலதான் வித்தியாசம். அது பிறப்புலயே வர்றது. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறதும் இதே மெலனின்தான்.

கடையில "கலர் க்ரீம்"னு கேட்டா கிடைக்கிற ட்யூப்கள் பலதுல ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூணும் சேர்ந்திருக்கும். முகத்துல வர்ற மங்குக்கு, டாக்டர் பார்வையில, சில வாரம் மட்டும் போட வேண்டிய மருந்து அது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மாசக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. ஆனா கடையில கேட்டுப் பாருங்க, தெரியும்.

சில க்ரீம்கள்ல பாதரசம் இருக்கும். அது தோல் வழியா ரத்தத்துல போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள்.

சரி, க்ரீம்ல ஒண்ணுமே இல்ல, வெறும் வாசனைதான்னு வெச்சுக்குவோம். அப்பவும் அம்மா காசு கொடுக்கலாமா? எனக்கு சரின்னு படல. கிளாஸ்ல யாரோ "கருப்பி"ன்னு கிண்டல் பண்ணினா, வீட்டுல வந்து அழலாம். அம்மாவே க்ரீமை எடுத்துக் கொடுத்தா, கிளாஸ்ல சொன்னது நிஜம்னு ஆயிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. எங்கம்மா மேல கோபம் இல்ல. பொண்ணு பார்க்க வந்த ரெண்டு பேர் "கலர் கம்மி"ன்னு சொல்லிட்டுப் போனதைக் கேட்டவங்க அவங்க.

அதுக்காக "கிடையாது"ன்னு கதவை மூடினாலும் சரிவராது. பாக்கெட் மணியில லேபிளே இல்லாத டப்பாவை வாங்கிடுவாங்க. அதனால அக்காகிட்ட இப்படிச் சொன்னேன்: அந்த 200 ரூபாயோட இன்னும் கொஞ்சம் போட்டு, நல்ல சன்ஸ்கிரீன் வாங்கு. பரு, தழும்பு, மங்குன்னு ஏதாவது இருந்தா தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அதெல்லாம் வைத்தியம், தாராளமா செலவு பண்ணு. நிறத்தை மாத்த மட்டும் வேணாம். அதை நீயே அவகிட்ட உட்கார்ந்து சொல்லு, காரணத்தோட.

சன்ஸ்கிரீன் வாங்கிட்டாளாம். பொண்ணு மட்டும் இந்தச் சித்திகிட்ட இன்னும் பேசல. ஆண்டு விழாவுக்குப் போறேன், அங்க பார்த்துக்கலாம்.