இறால் விலையில் சேராத கணக்கு

மரக்காணத்தில் இரண்டு விதமான உப்புநீர்ப் பாத்திகள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களின் கண்ணில் படுவது உப்பளம். முழங்கால் ஆழம்கூட இல்லாத பாத்திகளில் வெயில் தகதகக்க, வரப்போரம் வெள்ளைக் குவியல்கள் நிற்கும். சாலையை விட்டு இறங்கிக் கழுவெளி ஏரிப் பக்கம் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். உயர்ந்த கரைகளுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கி, காற்றூட்டும் சக்கரங்கள் நுரை தள்ளச் சுழலும் இறால் பண்ணை அது.

உப்பும் இறாலும் நம் தட்டுக்கு வருகின்றன. இரண்டுக்கும் கடையில் விலை உண்டு. அந்த விலையில் சேராத செலவை யார் கொடுக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மறைந்திருக்கும் செலவு எது?

ஒரு கிலோ இறாலின் விலையில் குஞ்சு, தீவனம், மின்சாரம், ஆள்கூலி, ஐஸ், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்திருக்கும். பக்கத்து வயலில் உப்பு ஏறினால் அந்த நட்டம் அதில் சேராது. ஊர்க் கிணறு உவர்த்துப்போய் ஒரு குடும்பம் குடிநீரை விலைக்கு வாங்கினால் அந்தப் பணமும் சேராது. பண்ணைக் கரைக்கு உள்ளே ஆகும் செலவுக்கு ரசீது இருக்கிறது. கரைக்கு வெளியே ஆகும் செலவுக்கு இல்லை.

உலக அளவில் இந்தக் கணக்கைப் போட முயன்றது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு. அது 2023-ல் வெளியிட்ட அறிக்கை, 154 நாடுகளின் உணவு உற்பத்தியிலும் நுகர்விலும் மறைந்திருக்கும் செலவு ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் கோடி டாலர் என்கிறது (நாடுகளின் வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த மதிப்பு). இதில் இந்தியாவின் பங்கு சுமார் 1.1 லட்சம் கோடி டாலர். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம் நமக்கு. உலகக் கணக்கில் பெரும்பகுதி தவறான உணவுமுறையால் வரும் நோய்களின் செலவு; மீதி, சுற்றுச்சூழல் இழப்பும் வறுமையும்.

குட்டைக்குள் நடப்பது

இன்று நம் கடற்கரைப் பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் வனாமி இறால். லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த இனம், 2009-ல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் வளர்த்த வரி இறாலை 1990-களின் நடுவில் வெண்புள்ளி வைரஸ் தாக்கி, ஏராளமான விவசாயிகளைக் கடனில் தள்ளியிருந்தது. வனாமியை நெருக்கமாக வளர்க்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விதி அனுமதிக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் அறுவடை. 2023-24-ல் உறைந்த இறால் ஏற்றுமதியில் மட்டும் இந்தியா சுமார் 40,000 கோடி ரூபாய் ஈட்டியது. வெளிநாட்டுச் சந்தைக்கான இந்த வேகத்தைத் தாங்குவது நம் ஊர்த் தண்ணீர்தான்.

ஒரு கிலோ இறால் வளர ஒரு கிலோவுக்கும் அதிகமான தீவனம் வேண்டும். அதில் சேரும் மீன்தூள், கடலில் பிடித்த சிறு மீன்களை அரைத்தது. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போகக்கூடிய மீன் இப்படி ஏற்றுமதி இறாலுக்கு இரையாகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் இறாலின் கழிவும் அடியில் சேறாகப் படிந்து அம்மோனியாவாக மாறும். அறுவடை முடிந்ததும் அந்தத் தண்ணீர் வெளியேறியாக வேண்டும்.

கரைக்கு வெளியே நடப்பது

மரக்காணத்தில் அந்தக் கழிவுநீர் போய்ச் சேரக்கூடிய இடம் உப்பங்கழியும் கழுவெளியும். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில், பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீருக்கு ஊட்டம் தருவதும், பெருமழை வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும் இந்த ஏரிதான். இதன் ஓரத்தில் முளைத்த அனுமதியற்ற இறால் பண்ணைகள் பற்றிய புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

இந்தப் பாதிப்பு உப்பளத்தையும் எட்டக்கூடும். நல்ல உப்பு விளைய நீர் சுத்தமாக இருக்க வேண்டும். கழிவின் சத்து மிகுந்த நீர் பாத்திக்குள் வந்தால் பாசி கொழகொழவென்று பெருகும். உப்பு திரண்டு மணி பிடிக்காது. அப்படி நேர்ந்தால் தரம் குறைந்த உப்புக்கு விலை குறையும். அந்த நட்டம் இறால் வியாபாரியின் ஏட்டில் வராது.

1996-ல் ஒரு கணக்கு

இந்தச் செலவை நாட்டின் முன் வைத்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். நாகைக் கடற்கரையில் நெல்வயல்கள் இறால் குட்டைகளாவதை எதிர்த்து, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் கிராம மக்களோடு அறப்போர் நடத்தினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைக் கொண்டு, இறால் பண்ணைகள் ஈட்டிய பணத்தைவிட அவற்றால் இயற்கைக்கும் பொருளாதாரத்துக்கும் ஏற்பட்ட இழப்பு அதிகம் என்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. வேளாண் நிலம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றோடு உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்தது.

பிறகு 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. பதிவு பெறும் பண்ணைகளுக்கு அது வழி திறந்தது. 2023-ல் வந்த திருத்தம் அந்த வழியை மேலும் உறுதியாக்கியது. ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் உப்பள நிலத்தையும் சரணாலயத்தையும் இன்னும் விலக்கியே வைத்திருக்கின்றன. ஆனால் சிறு பண்ணைகள் பத்து சுத்திகரிக்காத நீரை ஒரே ஓடையில் விட்டால், ஓடைக்கு அது ஒரு பெரிய பண்ணையின் கழிவுதான்.

உப்புக்கும் உண்டு

நியாயமாகப் பேசினால், மலிவான உப்பிலும் மறைந்த செலவு இருக்கிறது. அதைக் கொடுப்பது உழைப்பவர் உடம்பு. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசிக் கூசிப் பார்வை கெடுகிறது. உப்புநீரில் நின்ற பாதம் வெடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கணக்கில் இல்லாத செலவை அரசு ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு வரி அது.

இறாலுக்கும் அப்படி எழுதத் தொடங்கலாம். சிறு விவசாயிகள் சேர்ந்து பயன்படுத்த, அரசு உதவியோடு பொதுச் சுத்திகரிப்புக் குட்டை வேண்டும். பண்ணையைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைக் குஞ்சு விடும் முன்னும் அறுவடைக்குப் பின்னும் சோதித்து, முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். உப்பளத்தையும் கழுவெளியையும் காக்கும் விதியைத் தளர்வில்லாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் பணம் இறாலின் விலையில் ஏறட்டும். கிலோவுக்குச் சில ரூபாய் கூடினால் அதைக் கொடுக்க வேண்டியவர்கள் தின்கிற நாம்தான். இன்று நமக்காக அதைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் உவர்த்துப்போன கிணற்றடியில் குடத்தோடு நிற்கிறார்கள்.