சம்பளம் ஏறியும் பை ஏன் நிறையவில்லை?

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். இங்கே கொழுந்து பறிப்பவர்களில் பலர் தமிழர்கள். கம்பம் பக்கத்துக் காய்கறி குமுளி வழியாக லாரியில் மலையேறி வருகிறது.

சம்பளம் வாங்கிக் கடைக்குப் போகும்போது ஒரு பேச்சு கேட்கும். "போன வருசத்தைவிடக் கூடத்தான் வாங்கினேன். ஆனா பை நிறையலையே!" இது ஏன்?

ஒரு கணக்குப் போடுவோம். போன ஆண்டு 1,000 ரூபாய்க்கு ஒரு பை நிறையச் சாமான் கிடைத்தது. இந்த ஆண்டு அதே சாமானின் விலை 1,060 ரூபாய். அதாவது விலை நூற்றுக்கு 6 ஏறியிருக்கிறது. நாட்டில் பல பொருள்களின் விலை ஓர் ஆண்டில் நூற்றுக்கு எவ்வளவு ஏறியது என்று சொல்வதே பணவீக்க விகிதம்.

அந்தப் பைக்கு ஒதுக்கும் பணம் 1,000 ரூபாயிலிருந்து 1,040 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 20 ரூபாய் போதாது. கையில் பணம் கூடியது. பையில் பொருள் குறைந்தது. பணத்தின் வாங்கும் சக்தி குறைந்துவிட்டது.

விலை ஏன் ஏறுகிறது? மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும். பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினாலும் விலை ஏறும்.

இந்த ஏற்றத்தை யார் அளக்கிறார்கள்? மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் விலைகளைத் திரட்டுகிறது. அதிலிருந்து தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணைக் கணக்கிடுகிறது. 2001-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் பக்கத்து முண்டக்கயமும் ஒரு மையமாக இருந்தது.

இந்த எண்ணுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் என்ன தொடர்பு? பஞ்சப்படிதான் தொடர்பு. குறியீட்டு எண் ஏறினால் பஞ்சப்படியும் ஏற வேண்டும். அது விலைவாசிக்கு ஈடு. தானமல்ல.

சம்பளம் விலையோடு சேர்ந்து ஏறாவிட்டால் என்ன ஆகும்? இலங்கையைப் பாருங்கள். 2021-ல் அங்கே தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என நிர்ணயம் ஆனது. 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட நூற்றுக்குச் சுமார் 70 ஏறியிருந்தது. அந்த 1,000 ரூபாய்க்குப் பழைய விலையில் சுமார் 590 ரூபாய்ச் சாமான்தான் கிடைக்கும். ஏறக்குறைய பாதிப் பை காலி.

2023 செப்டம்பரில் அங்கே பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதற்காக விலைகள் பழைய நிலைக்கு இறங்கிவிடவில்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது. "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தி வந்தால் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

6 சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியும். ஆண்டுதோறும் அவ்வளவு ஏறினால், 12 ஆண்டில் விலை இரண்டு மடங்காகும். மகளின் கல்யாணத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைத்த 10,000 ரூபாய், அப்போது 5,000 ரூபாய்ச் சாமானைத்தான் வாங்கும். வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டால் வட்டி சேரும். இழப்பு குறையும்.

செய்து பாருங்கள்:

1. அரிசி, எண்ணெய், சர்க்கரை, பருப்பு ஆகியவற்றின் இன்றைய விலையை நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் மீண்டும் எழுதுங்கள். நூற்றுக்கு எவ்வளவு ஏறியது?

2. சம்பளச் சீட்டில் பஞ்சப்படி எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.