இருட்டில் எடுத்த படங்கள் – 9: பொத்தான் துளையில் ஒரு காமிரா

சுவீடனின் வடகோடியில், அபிஸ்கோவில், டோர்னெட்ரஸ்க் ஏரியின் தென்கரையில் முக்காலியை நட்டு, ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து ஃபோகஸும் செய்துவிட்டோம். போன இதழைத் தவறவிட்டவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் விழும் துருவ ஒளியைப் பிடிப்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லி வைத்தது. எழுத உட்கார்ந்தால் கார்ல் ஸ்டோர்மர் வந்து குறுக்கே நிற்கிறார்.

நார்வேயின் கணிதப் பேராசிரியர் இவர். 1893இல் பத்தொன்பது வயது மாணவர். ஸ்டிர்ன் என்ற வட்டத் தட்டு போன்ற காமிராவை உள்சட்டைக்குள் மாட்டிக்கொண்டு, பொத்தான் துளை வழியே லென்ஸ் எட்டிப் பார்க்க, இன்றைய ஆஸ்லோவின் கார்ல் யோஹான் தெருவில் உலாத்துவார். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லுவார். பைக்குள் இருக்கும் கை கயிற்றை இழுக்கும். ஒரு தகட்டில் ஆறு வட்டப் படம். அப்படிச் சிக்கியவர்களில் நாடகாசிரியர் இப்சனும் ஒருவர். பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் படம் வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினாராம். அந்தப் பெண் கிடைத்தாளா என்று கேட்காதீர்கள், என் கவலையும் அதுதான்.

இதே ஆள்தான் 1910இல் வடக்கே அல்டா பக்கம் போசெகோப்புக்குப் போய் வானத்தைப் பிடித்தார். துருவ ஒளியின் முதல் படத்தை 1892இல் மார்ட்டின் பிரெண்டெல் அங்கேதான் எடுத்திருந்தார். ஸ்டோர்மருக்கு அழகு போதவில்லை, உயரம் வேண்டும். துருவ ஒளி மலை முகட்டைத் தொடுகிறது என்று சாதித்தவர்கள் இருந்த காலம். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு காமிராக்கள், நடுவில் தொலைபேசிக் கம்பி. “இப்போது!” என்றதும் இரண்டும் ஒரே நொடியில் திறக்கும். விரலை நீட்டி ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாக மூடினால் விரல் நகருமே, அதுபோல இரு படங்களிலும் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளி இடம் மாறியிருக்கும். அந்த இடமாற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டார். ஒளியின் கீழ்விளிம்பே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில்! விமானம் பறக்கும் உயரத்தைப்போலப் பத்து மடங்கு.

ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஏரிக்கு வருகிறேன்.

செப்டம்பரில் போங்கள், நடுக்குளிரில் ஏரி உறைந்துவிடும், பிம்பம் கிடையாது. அடிவானத்தை ஒட்டி எழும் பச்சை வளைவுதான் நமக்கு வேண்டியது. ஒளி சாய்வாக விழுந்தால் தண்ணீர் நன்றாகத் திருப்பித் தரும். நேர் மேலிருந்து விழுந்தால் நூற்றில் இரண்டு பங்குதான் திரும்பும், மீதி உள்ளே போய்விடும். அதனால் தலைக்கு மேலே திரை விரித்து ஆடும்போது ஏரியை மறந்து காமிராவை நிமிர்த்துங்கள். ஐ.எஸ்.ஓ. 1600, ஐந்து முதல் பத்து நொடி. ஆட்டம் வேகமெடுத்தால் இன்னும் குறையுங்கள், இல்லாவிட்டால் மடிப்புகள் குழைந்து பச்சைப் புகையாகிவிடும்.

காற்றடித்துத் தண்ணீர் கலங்கினால் என்ன செய்வது, காமிராவில் விழும் சிவப்பு நம் கண்ணுக்கு ஏன் படுவதில்லை என்பதெல்லாம் அடுத்த வாரம். ஸ்டோர்மர் மறுபடி வராமல் இருந்தால்.