பீரோவில் தூங்கும் கேமரா... உள்ளே மெமரி கார்டு இருக்கா?

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலில் தம்பிக்குக் காது குத்திய போட்டோக்கள் எங்கே என்று அம்மா கேட்டபோதுதான், பீரோவில் கிடந்த டிஜிட்டல் கேமரா ஞாபகம் வந்தது. 2008-ல் எடுத்த படங்கள். திறந்தால், பென்சில் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நல்லவேளை, கார்டு தப்பித்திருந்தது. தம்பியை மடியில் வைத்திருக்கும் தாத்தா இப்போது இல்லை.

கார்டை கேமராவிலேயே விட்டுவைக்கலாமா? தாராளமாக. படங்களை வைத்திருக்க அதற்கு மின்சாரம் தேவையில்லை. அடிக்கடி கழற்றி மாட்டினால்தான் முனைகள் தேயும், கார்டும் தொலையும். மறக்காமல் கழற்ற வேண்டியது பேட்டரியை.

ஆனால் அந்த ஒரு கார்டையே நம்பியிருக்காதீர்கள். படங்கள் அதில் மின்னூட்டமாகவே பதிகின்றன. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் வேகமாக. கேமரா திருடுபோனால் படங்களும் போச்சு. 2015 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2002-ல் அறிமுகமான எக்ஸ்டி கார்டு அதில் இருந்தால், இன்றைய லேப்டாப்பில் நுழையாது. படத்தை எடுக்க அந்தக் கேமராவும் அதன் கேபிளுமே சுலபமான வழி. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்!

எங்கள் படங்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, இன்னொரு காப்பியை ஆவடி சித்தி வீட்டில் கொடுத்துவிட்டோம். தாத்தா படத்தை மட்டும் அம்மா பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்.