சித்தேரி வீட்டுக்கு வயது என்ன?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியில் உழவர்கள் கட்டிய பழைய வீடுகள் பல சட்டத்தின் காவலில் இருக்கின்றன. உள்ளூரில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லில் தடித்த சுவர், கூரைக்கும் கல் பலகை. 1947-இல் வந்த நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தில் வேர்கொண்ட பட்டியல் முறை, அரண்மனையோடு பண்ணை வீட்டையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் நூறு வயதைக் கேட்கிறது. அந்தக் கணக்கில் சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடியினர் வீடு ஒருநாளும் தேறாது. மூங்கில் தட்டியில் மண் அப்பி, சாணி மெழுகி, புல் வேய்ந்த வீட்டில் சில வருடத்துக்கு ஒருமுறை புல் மாறும், மெழுக்கு அதற்கும் முன்பே மாறும். நூறாண்டைக் கடந்து நிற்பது கட்டும் முறை மட்டுமே. அதைப் பதிய நம் சட்டத்தில் பத்தி இல்லை.

அந்த முறையின் மையம் சாமையும் கேழ்வரகும்தான். அடுப்புக்கு மேலே பரண். கீழிருந்து எழும் புகை விதையை உலர்த்தி, பூச்சியை விரட்டி, கூரைப்புல் வழியே வெளியேறுகிறது. தாழ இறங்கிய கூரை மண்சுவரை மழையிலிருந்து காக்கிறது. சமையலும் சேமிப்பும் கூரைப் பராமரிப்பும் ஒரே நெருப்பில் நடக்கின்றன. இதைக் கட்டடக்கலை என்று சொல்ல ஏன் தயங்க வேண்டும்? 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயும் 360 சதுர அடியும் தருகிறது. தானியம் எங்கே இருக்கும் என்ற கேள்வி அந்தச் சதுர அடியில் எழவே இல்லை.

“குடிசையில் நீங்கள் குடியிருப்பீர்களா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புல் கூரை ஒழுகும், தீப்பிடிக்கும். விதையைக் காக்கும் அதே புகை அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நெஞ்சைக் கெடுக்கும். கான்கிரீட் வீடு கேட்பது அந்த மக்களின் உரிமை. பாரம்பரியத்தின் பெயரால் அதைத் தடுப்பது அயோக்கியத்தனம். காட்ஸ்வோல்ட் கல்வீட்டிலும் மின்விளக்கு எரியத்தான் செய்கிறது. மண் நிலைக்காது என்ற இன்னொரு வாதம் மட்டும் எடுபடாது. 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சிறிது சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கற்களால் மாடி வீடுகளே கட்டிக் காட்டியிருக்கிறது. சிமெண்டும் கம்பியும் மலையேற்றும் செலவும் அதில் குறையும். கனவு இல்லத்தில் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். அங்கே ஓடு வேய்ந்து, பரண் கட்டி, புகைபோக்கி வைக்க விதி இடம் கொடுக்கிறது. பழைய வீட்டை இடிக்கும் முன் ஒன்றிய அலுவலகப் பொறியாளர் அதை அளந்து வரைந்து வைக்கலாம். ஒரு டேப்பும் அரை நாளும் போதும்.