அணைகளின் கதை – 14: குழாய்க்குள் குடித்தனம்

சென்ற வாரம் அணையின் அடியில் சேரும் வண்டலைப் பார்த்தோம். வண்டல் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்துவிடலாம். இந்த வாரம் வருபவை, கண்ணுக்கே தெரியாமல் உள்ளே நுழைந்து வளர்ந்த பிறகு வெளியேற மறுக்கும் உயிர்கள்.

பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவே, பரானா ஆற்றின் குறுக்கே நிற்கிறது இதாய்பு அணை. உயரம் 196 மீட்டர். 20 டர்பைன்கள், ஒவ்வொன்றும் 700 மெகாவாட். 2001-ல் இங்கே ஒரு சிப்பி தட்டுப்பட்டது. பெயர் தங்கச் சிப்பி. கட்டைவிரல் நீளம்கூட வராது. பூர்வீகம் சீனா. தென்னமெரிக்காவில் அது முதலில் தென்பட்டது 1991-ல், அர்ஜென்டினாவின் லா பிளாட்டா முகத்துவாரக் கரையில். சரக்கில்லாமல் வரும் கப்பல்கள் ஆட்டம் காணாமலிருக்க அடித்தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் அல்லவா, அந்தத் தண்ணீரோடு ஆசியாவிலிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து பத்தே ஆண்டில் இதாய்புவுக்கு வந்துவிட்டது, அதுவும் ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில். வளர்ந்த சிப்பிக்கு நீந்தத் தெரியாது. படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு ஓசியில் பயணம் செய்தது. பரானா–பராகுவே நீர்வழியில் ஆண்டுக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் அது முன்னேறியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

(அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆசியாவுக்கும் இந்தப் போக்குவரத்து உண்டு. எண்ணூர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளும் சிப்பி, அந்தக் கண்டத்தின் வெப்பக் கடற்கரைகளைச் சேர்ந்தது. அது உவர்நீர்ச் சிப்பி, அணைக்கு வராது.)

இத்தனூண்டு சிப்பி 700 மெகாவாட் டர்பைனை என்ன செய்துவிடும்? டர்பைனை ஒன்றும் செய்யாது. அந்த நீர்வேகத்தில் அதனால் எங்கும் பற்றிக்கொள்ள முடியாது. சிக்கல் பக்கத்துக் குழாயில் இருக்கிறது. அவ்வளவு பெரிய எந்திரம் சுழலும்போது பேரிங் எண்ணெய் சூடாகும், ஜெனரேட்டருக்குள் காற்று சூடாகும். அவற்றைக் குளிர்விக்க, நீர்த்தேக்கத் தண்ணீரையே கிளைக் குழாய்களில் பிரித்தெடுத்து, ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ எனப்படும் மெல்லிய குழாய்க் கற்றைகளுக்குள் ஓட விடுகிறார்கள். நடுவே வடிகட்டி உண்டு. ஆனால் சிப்பியின் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது. வடிகட்டியைத் தாண்டிப் போய், வேகம் குறைந்த வளைவிலோ மூட்டிலோ பசை நூல்களைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே வெயில் இல்லை, தின்ன வரும் மீனும் இல்லை. ஆற்றில் இருந்தால் ‘அர்மாடோ’ என்கிற கெளுத்தி இனம் ஓட்டோடு விழுங்கிவிடும். குழாய்க்குள் அந்தப் பயமும் இல்லை. சாப்பாடு ஓடும் தண்ணீரிலேயே வந்துகொண்டிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காய்ச் சேரும். லா பிளாட்டா கரையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். குளிர்நீர் குறைந்தால் வெப்பம் ஏறும், எந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். அணையில் தண்ணீர் ததும்பும், மின்சாரம் வராது.

மருந்து போட்டுக் கொன்றால் என்ன? குளோரின் வாடை பட்டதும் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். ஆகவே மருந்தை விடாமல் பல நாள் செலுத்த வேண்டும். செலுத்திய தண்ணீர் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும் என்பதால் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. செத்த சிப்பியும் சும்மா இருப்பதில்லை. ஓடு கழன்று போய் அடுத்த குறுகலான இடத்தை அடைக்கும்.

இதுவரை படித்தவர்களுக்கு, வெளியூர் உயிரினம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1938-ல் திறந்த டாரலியா நீர்மின் நிலையம் இருக்கிறது. டெர்வென்ட் ஆற்றுத் தண்ணீர் கான்கிரீட் கால்வாய்களில் ஏறத்தாழ 20 கி.மீ. ஓடி அங்கே வருகிறது. அந்தக் கால்வாய்களின் சுவரில் வழவழவென்று படர்வது டயாட்டம் என்னும் நுண்பாசி. அதில் ஒரு வகையை ஆய்வாளர்கள் புதிய இனமென்று அறிவித்து, டாரலியாவின் பெயரையே வைத்தார்கள். எந்தக் கப்பலிலும் வராத, அந்த மண்ணின் உயிர். கால்வாயின் கொள்திறனில் பத்தில் ஒரு பங்கு வரை அது விழுங்கிவிடும். தண்ணீரை நிறுத்தித் தேய்த்துக் கழுவினாலும் மறுபடி முளைக்கும். 1960-களில் அதே தீவின் நீர்மின் குழாய்களுக்குள் கறுப்பாகப் படிந்த மாங்கனீசை டைலர், மார்ஷல் என்ற இருவர் ஆராய்ந்து, அதைப் படியவைப்பது பாக்டீரியா என்று காட்டினார்கள்.

ஓயாத நீரோட்டமும் அசையாத கடினமான சுவரும் சேர்ந்தால், ஒட்டத் தெரிந்த எந்த உயிரும் வந்து சேரும். உள்ளூர்க்காரரா அந்நியரா என்று கான்கிரீட் கேட்பதில்லை. அந்நியர் வேகமாகப் பெருகுவர், அவ்வளவே.

படகுகளைச் சோதித்து, கழுவி, காயவைத்த பிறகே நீர்த்தேக்கத்தில் இறக்க விடுவதுதான் மலிவான தடுப்பு. அதுவும் முழுக்கப் பலிப்பதில்லை. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூவர் அணைக்குப் பின்னாலுள்ள மீட் ஏரியில், உக்ரைன் பகுதியைச் சேர்ந்த குவாகா சிப்பி சிக்கியது. பிறகு ஹூவரின் குளிர்நீர்க் குழாய்களில் புற ஊதா விளக்குகள் பொருத்த வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்கச் சிப்பியே தட்டுப்பட்டது. வட அமெரிக்காவில் அது முதல் முறை.

வந்தபின் துரத்துவதைவிட, வருமென்று வைத்துக் கட்டுவதே புத்திசாலித்தனம். சுத்திகரித்த நீரையே மூடிய சுற்றில் ஓடவிடும் குளிர்விப்பும், ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று ஓடும் இரட்டைக் குழாய் வரிசையும், ஆள் கைவிட்டுத் துடைக்கும்படியான திறப்புகளும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டும்போது இவற்றைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, எந்திரத்தை அடிக்கடி நிறுத்திச் சிப்பி சுரண்டும் செலவைவிடக் குறைவுதான்.

அடுத்த வாரம், மீன்கள் அணையைக் கடக்க மனிதர் கட்டிய ஏணிகள்.

(தொடரும்)